நீச்சல் தெரியாதவர்தான் கடற்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சிட்னியில் அக்டோபர் பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி கடலைப் பற்றியதாகிவிடும். வெள்ளி இரவு வாட்ஸாப் குழுவில் யாரோ ‘நாளைக்கு பீச்?’ என்று ஒரு வரி போடுகிறார்கள். விடிவதற்குள் ஐந்து பேர் பையைத் தூக்கிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்களும், ஊரிலிருந்தபடி அவர்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்களும் அனுப்பியவை இந்தக் கேள்விகள்.

கே: நாங்கள் ஐந்து பேர். கார் கிடையாது. இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. எல்லோரும் பாண்டை போகலாம் என்கிறார்கள். சரிதானா?
– மாணவர், வென்ட்வொர்த்வில்

ப: எல்லோரும் என்றால் அந்த இரண்டு பேருமா? அவர்களைக் கேட்டு முடிவெடுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கு எந்தக் கடற்கரையும் சரிப்படும், தெரியாதவருக்குச் சிலதான் சரிப்படும்.

பாண்டையின் தென்கோடியில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்று ஏறக்குறைய நிரந்தரமாகவே உண்டு. பேருந்தை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் நேராக அங்கேயே போய் இறங்குவதால் அதற்கு ‘பேக்பேக்கர்ஸ் ரிப்’ என்றே பெயர். 1938 பிப்ரவரி 6 அன்று இதே கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் கூட்டத்தை உள்ளே இழுத்துப் போயின. சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். பாண்டையைப் பார்க்கப் போங்கள், படம் எடுங்கள். குளிக்க வேறு இடம் இருக்கிறது.

உங்கள் குழுவுக்கு முதலில் சொல்வது குரோனல்லா. சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து டி4 தடத்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வென்ட்வொர்த்வில்லிலிருந்து மாறிப் போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நிலையத்துக்குக் கிழக்கே சில நிமிட நடையில் அலையடிக்கும் சவுத் குரோனல்லாவும் நார்த் குரோனல்லாவும் இருக்கின்றன. மேற்கே இறங்கினால் கன்னமட்டா விரிகுடா: அலையே இல்லாத தண்ணீர், அடைப்புக்குள் குளிக்கும் இடம், புல்வெளி, மர நிழல். ஒரே நிலையத்தில் இறங்கி மூன்று பேர் அலைக்கும் இரண்டு பேர் விரிகுடாவுக்கும் போய், மதியம் ஒன்றாகச் சாப்பிடலாம்.

இரண்டாவது, தெற்கே உல்லங்காங் போகும் பாதையிலுள்ள ஆஸ்டின்மர். சென்ட்ரலிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கடற்கரையின் தென்முனையில் பாறையை ஒட்டிக் கட்டிய இரண்டு கடல்நீர்க் குளங்கள் உண்டு. அலை சுவரில் மோதி உள்ளே தெறிக்கும், ஆளை இழுக்காது. அலை பெரிதாக இருக்கிற நாளில் மட்டும் அந்தச் சுவரின் மேல் நிற்கக் கூடாது. போகும்போது ரயிலில் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஹெலன்ஸ்பர்க் தாண்டியதும் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறு பக்கம் கடல்.

மூன்றாவது கியாமா. அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நிலையத்திலிருந்து நடந்தே கடற்கரைக்கும், பாறைத் துளை வழியே கடல் பீறிட்டு அடிக்கும் ப்ளோஹோலுக்கும் போகலாம். தென்கிழக்கிலிருந்து அலை வரும் நாளில்தான் அது நன்றாகப் பீறிடும். மற்ற நாளில் போனால் ஓட்டையைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். கியாமாவுக்குக் காலை ஏழு மணிக்குள் கிளம்ப முடியாதென்றால் விட்டுவிடுங்கள்.

எங்கே போனாலும், வெள்ளி இரவே பயணத் திட்டச் செயலியில் சனிக்கிழமைத் தேதி போட்டுப் பாருங்கள். இந்த ஊரில் ரயில்பாதை வேலையை வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள். ரயிலுக்குப் பதில் பேருந்து என்றால் ஒன்றேகால் மணி நேரம் இரண்டரை மணி நேரமாகும். திடீர்ப் பயணங்கள் கெட்டுப்போவதற்கு மழையைவிட இதுவே பெரிய காரணம். திரும்பி வரும் ரயிலையும் அப்போதே பாருங்கள். தெற்குப் பாதையில் வார இறுதியில் மணிக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றைத் தவறவிட்டால் ஈர உடையோடு ஒரு மணி நேரம் நடைமேடையில் உட்கார வேண்டும்.

கே: ரயில், பேருந்துக்குத் தட்டும் ஒரே ஓபல் பயண அட்டையை ஐந்து பேரும் மாற்றி மாற்றித் தட்டலாமா? மாணவர் சலுகை உண்டா?
– மாணவி, ஹோம்புஷ்

ப: முடியாது. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டை இல்லாதவர் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டலாம். ஏறும்போது எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். கைப்பேசியில் ஏற்றிய அட்டையும் பர்ஸில் இருக்கும் அதே அட்டையும் இயந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். காலையில் கைப்பேசி, மாலையில் சார்ஜ் தீர்ந்து அட்டை என்று மாற்றினால், ஒரு நாளைக்கு இதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்கிற உச்சவரம்பு இரண்டாகப் பிரிந்து கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது தட்ட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் போய்விடும்.

சலுகை அட்டை சர்வதேச மாணவர்களில் பெரும்பாலோருக்கு நியூ சவுத் வேல்ஸில் கிடையாது. ஆஸ்திரேலிய அரசின் முழு உதவித்தொகையில் படிப்பவர்கள் விதிவிலக்கு. யாரோ கொடுத்த சலுகை அட்டையைத் தட்டிப் பிடிபட்டால் அபராதம் 200 டாலர். அந்தத் துணிச்சலுக்குத் தேவையே இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் முழுக் கட்டணக்காரருக்கே நாள் முழுவதற்குமான உச்சவரம்பு சுமார் 10 டாலர்தான். பக்கத்திலுள்ள குரோனல்லாவானாலும், போகவர இருநூறு கிலோமீட்டருக்கு மேலாகும் கியாமாவானாலும் வரம்பு அதேதான். மேன்லி ஃபெர்ரியும் அதற்குள் அடங்கும்.

கே: நாங்கள் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போவதே இல்லை. அப்படியும் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டுமா? அங்கே கூட்டம் தாங்கவில்லை. பக்கத்தில் அலையே இல்லாமல் அமைதியாக இடம் இருக்கிறது.
– மாணவர், டூங்காபி

ப: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் கொடுக்கலாம். நீங்கள் அமைதி என்று சொல்லும் அந்த இடம் பெரும்பாலும் ரிப்தான், அதாவது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்.

கரையில் வந்து உடையும் அலைகள் தண்ணீரைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எந்த வழியாகவாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் அதன் வழியே ஆறுபோல ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம். ஆழத்தில் அலை உடையாது. அதனால் இரு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருத்த, அலையற்ற பட்டை தெரியும். நீச்சல் தெரியாதவரின் கண் நேராக அங்கேதான் போகும். இடுப்பளவு என்பதும் கணக்கல்ல. மணல் திட்டின் விளிம்பில் இடுப்பளவில் நிற்கிறீர்கள். ஓர் அலை தூக்கி இரண்டடி தள்ளி வைத்தால் கால் தரையில் படாது.

தண்ணீரில் இறங்கும் முன் உயரமான இடத்தில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். கருத்த பட்டை, நுரைக்கு நடுவே இடைவெளி, கலங்கிய மணல்நீரோ பாசித் துணுக்குகளோ கடலை நோக்கி நகர்வது இவை அடையாளம். சில ரிப்புகள் திடீரென்று தோன்றிச் சில நிமிடத்தில் மறையும். பழகியவர் கண்ணுக்கும் தப்பும். ஆகவேதான் கொடி.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் உயிர்காப்பாளர் கண் வைத்திருப்பார். அலைமட்டமும் மணலும் மாறமாற அவர்களே கொடியை நகர்த்துவார்கள். காலையில் பார்த்த இடத்தில் மதியமும் கொடி இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரும் உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். சில நிமிடத்துக்கொரு முறை கரையைத் திரும்பிப் பார்த்துக் கொடிகள் எங்கே என்று சரிபாருங்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி உயர்ந்தால் உடனே வெளியே வர வேண்டும். சுறா எச்சரிக்கையாக இருக்கலாம். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி சர்ஃப் பலகைக்காரர்களின் எல்லை. பலகையின் அடித்துடுப்பு கத்திபோல வெட்டும்.

தன்னார்வ உயிர்காப்பாளர்களின் பருவம் செப்டம்பர் கடைசிப் பள்ளி விடுமுறையில் தொடங்கி ஏப்ரல் 25, ஆன்சாக் தினத்தோடு முடியும். பாண்டை, மேன்லி போன்ற சில இடங்களில் மட்டும் ஆண்டு முழுவதும் காவல் உண்டு. எந்தக் கடற்கரையில் எத்தனை மணி வரை என்பதை ‘பீச்சேஃப்’ செயலியில் பார்க்கலாம். கொடியை எடுத்துவிட்ட பிறகு, மாலை வெளிச்சத்தில் ‘கடைசியா ஒரு தடவை’ என்று இறங்குவதுதான் மிக மோசமான முடிவு.

மாட்டிக்கொண்டால்? ரிப் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். எதிர்த்து நீந்துகிறவர் களைத்துப்போய் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்துங்கள். பல ரிப்புகள் சுற்றிவந்து திட்டின் மேலேயே கொண்டுவிடும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரை தெரியும் பக்கம் நீந்துங்கள். அந்த நுரையே கரைக்குத் தள்ளும்.

கரையில் நிற்கும் நண்பர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் போன சம்பவங்கள் இங்கே உண்டு. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அவசர எண் 000 அழைத்துப் போலீஸ் கேளுங்கள். கடல் மீட்பை ஒருங்கிணைப்பது அவர்கள்தான். கையில் மிதக்கக்கூடியது எது இருந்தாலும் எறியுங்கள்: ஐஸ் பெட்டியின் மூடி, பந்து, மூடி இறுக்கிய இரண்டு லிட்டர் வெற்றுப் பாட்டில். ஒருவர் மட்டும் வேறெதுவும் செய்யாமல் தண்ணீரில் இருப்பவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலைக்கு நடுவே ஒரு தலையை இழந்துவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

கே: கறுப்புத் தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு? தூத்துக்குடி வெயிலையே பார்த்தாச்சு.
– மாணவர், பாரமட்டா

ப: தூத்துக்குடியில் மதியம் ஒரு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் மூன்று மணி நேரம் படுத்திருந்தீர்களா? அங்கே வெயில் சுட்டால் நிழலுக்கு ஓடுவோம். இங்கே கடல்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சூடே தெரியாது. சுடுவது வெப்பமல்ல, புற ஊதாக் கதிர். அதன் அளவெண் 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்பது இங்குள்ள விதி. சிட்னிக் கோடையில் நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். மேகம் இருந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. கறுப்புத் தோல் எரிய நேரம் கூடுதலாகும். சிவப்பது கண்ணுக்கும் தெரியாது. இரவு சட்டை போடும்போதுதான் தெரியும்.

எஸ்.பி.எஃப் 50+ வாங்குங்கள். அளவில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகம் கழுத்து காது சேர்த்து ஒன்று: ஆக ஏழு, சுமார் 35 மில்லி. 110 மில்லி ட்யூப் ஐந்து பேருக்கு ஒரு தடவைக்கே போதாது. வெயிலில் இறங்க 20 நிமிடம் முன்பு ஒரு முறை, பிறகு இரண்டு மணிக்கொரு முறை, குளித்துத் துடைத்ததும் ஒரு முறை. தவறவிடும் இடங்கள் காது மடல், பாதத்தின் மேற்புறம், தலை வகிடு. ட்யூபைக் காருக்குள் வேகவிட்டால் மருந்து பிரிந்து வேலை செய்யாது.

கே: கடையில் ஐந்து பேர் சாப்பிட்டால் நூறு டாலர் ஆகிறது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிப் போகலாமா? கெட்டுப்போகுமா?
– மாணவி, வெஸ்ட்மீட்

ப: தாராளமாக. புளியோதரை கடற்கரைக்கென்றே பிறந்த சாப்பாடு. ஐந்து பேருக்கு 750 கிராம் பொன்னி, ஒரு கப் புளிக்காய்ச்சல், 100 மில்லி நல்லெண்ணெய். அலையில் இரண்டு மணி நேரம் ஆடியவர் சாதாரணமாகச் சாப்பிடுவதைவிட ஒன்றரை மடங்கு சாப்பிடுவார், அதைக் கணக்கில் வைத்தே இந்த அளவு.

கெடுவது சாதத்தை ஆறவைக்கும் முறையில்தான். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் அவை சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இரவு வடித்துக் குக்கரிலேயே மூடி வைத்துக் காலையில் கிளறுவது இதற்கு நல்ல வழி. அதாவது வாந்திக்கு நல்ல வழி. வடித்ததும் அகலத் தட்டில் விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறியதும் புளிக்காய்ச்சலைக் கிளறி, உயரம் குறைந்த டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இந்த நாட்டில் உணவகங்கள் பின்பற்றும் இரண்டு மணி – நான்கு மணி விதியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் இருந்த மொத்த நேரம் இரண்டு மணிக்குள் என்றால் திரும்பக் குளிரவைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் குப்பை. ரயில் பயணமே இரண்டு மணி நேரம் என்றால் ஐஸ் இல்லாமல் நடக்காது. முந்தின இரவு 600 மில்லி தண்ணீர்ப் பாட்டில்கள் ஆறேழை, மேலே இரண்டு விரல் இடம் விட்டு, உறையவையுங்கள். டப்பாவுக்குக் கீழே பாதி, மேலே பாதி. மதியம் அதுவே குடிதண்ணீர். குளிர்பானங்களை வேறு பெட்டியில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கொரு முறை திறக்கிற பெட்டியில் தயிர்சாதம் தாங்காது. தயிர்சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய குளிர்ந்த பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் மதியம் புளிப்பு அளவாக இருக்கும்.

பல கடற்கரைப் பூங்காக்களில் மாநகராட்சியின் மின்சார பார்பிக்யூ அடுப்பு இலவசம். பொத்தானை அழுத்தினால் தட்டு பத்து நிமிடத்தில் சூடாகும், சிறிது நேரத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்த வேண்டும். பழுதோ என்று அடுத்த அடுப்புக்கு ஓட வேண்டாம். அந்தத் தட்டில் உங்களுக்கு முன் யாரோ மாட்டு, பன்றித் தொத்திறைச்சி வாட்டியிருப்பார்கள். சைவக்காரர்கள் இருந்தால் பேக்கிங் காகிதம் ஒரு சுருள் கொண்டுபோங்கள். அதை விரித்து அதன் மேல் பனீர், சோளம், உருளைக்கிழங்கு போடலாம். கோழி என்றால் எலும்பில்லாத தொடைக்கறியை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, மசாலா தடவி, உறைய வைத்தே கொண்டுபோங்கள். எலும்போடு போட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

கடல்காகங்கள் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றுக்கு ஒரு சிப்ஸ் போட்டால் அது தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவரும்.

கே: வானிலையில் எதைப் பார்க்க வேண்டும்?
– மாணவர், ஸ்ட்ராத்ஃபீல்ட்

ப: காற்றைப் பாருங்கள். கோடையில் கொதிக்கிற மதியத்தில் திடீரென்று தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்து, சில நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேலும் இறங்கும். ‘சதர்லி பஸ்டர்’ என்பார்கள். குடை பறக்கும், மணல் ஊசியாகக் குத்தும். முன்னறிவிப்பில் ‘தெற்குக் காற்று மாற்றம்’ என்று நேரத்தோடு போட்டிருப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூட்டை கட்டுங்கள். ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை வேண்டும்.

முந்தின நாள் நல்ல மழை என்றால் சாக்கடை நீர் கடலில் கலந்திருக்கும். திறந்த கடற்கரையில் ஒரு நாளும், விரிகுடா, துறைமுகப் பகுதிகளில் மூன்று நாளும் குளிக்க வேண்டாம் என்பது மாநில அரசின் அறிவுரை. முதல் கேள்வியில் சொன்ன கன்னமட்டாவுக்கும் இது பொருந்தும்.

அக்டோபர் வெயிலை நம்பிக் குதிக்காதீர்கள். கடல் மெதுவாகத்தான் சூடாகும். அப்போது தண்ணீர் 18, 19 டிகிரிதான். பிப்ரவரி, மார்ச்சில்தான் 23 வரை வரும்.

கே: எனக்கு நீச்சலுடை அணியக் கூச்சம். சுடிதாரோடு இறங்கலாமா?
– மாணவி, பெண்டில் ஹில்

ப: பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும், ஈரப் பருத்தி உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். முழுக்கை ‘ராஷி’ மேல்சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் லெக்கிங்ஸும் பெரிய கடைகளில் மலிவாகவே கிடைக்கும். முழுதாக மூடிய நீச்சலுடை இந்தக் கடற்கரைகளில் யாருக்கும் புதிதல்ல. உயிர்காப்பாளர்களே முழுக்கைதான் போடுகிறார்கள். வெயிலுக்கும் அதுவே நல்லது. சன்ஸ்க்ரீனும் பாதிதான் செலவாகும். உடனடியாக வாங்க முடியாதென்றால் உடற்பயிற்சிக்குப் போடும் பாலியெஸ்டர் சட்டையும் லெக்கிங்ஸும் போதும்.

கே: காலில் நீலக் கயிறு மாதிரி ஏதோ சுற்றிச் சவுக்கால் அடித்ததுபோல் வலித்தது. வினிகர் ஊற்றலாமா?
– மாணவர், லிட்கம்

ப: அது ப்ளூபாட்டில், நம் கடற்கரைகளில் சொறி (ஜெல்லி மீன்) என்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. கோடையில் வடகிழக்குக் காற்று அடித்தால் கூட்டமாகக் கரை ஒதுங்கும். மணலில் நீலக் குமிழ்கள் கிடந்தால் தண்ணீரிலும் இருக்கின்றன என்று அர்த்தம். வினிகர் வேண்டாம். அது குவீன்ஸ்லாந்தின் வடக்கே உள்ள பெட்டிச் சொறிக்கான வைத்தியம். ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். உயிர்காப்பாளர் கூடாரத்தில் கேட்டால் உதவுவார்கள். வெந்நீர் இல்லையென்றால் ஐஸ். மூச்சு திணறினால் 000.

கூடவே இன்னொன்று: பாறைக் குழிகளில் கையளவுகூட இல்லாத, நீல வளையம் போட்ட கணவாய் இன ஆக்டோபஸ் ஒன்று உண்டு. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுக்காதீர்கள். கடித்தால் வலிக்காது; மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

கே: கார் வாடகைக்கு எடுத்தால் என்ன கவனிக்க வேண்டும்? இந்திய உரிமம் செல்லுமா?
– மாணவர், ஆபர்ன்

ப: 2023 ஜூலை 1 முதல், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் நியூ சவுத் வேல்ஸில் வசிக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் இந்த மாநில உரிமத்துக்கு மாறியாக வேண்டும். அதுவரை வெளிநாட்டு உரிமம் செல்லும். ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ கூட வேண்டும். ஆறு மாதம் தாண்டி ஓட்டி இடித்துவிட்டால் காப்பீடு கைவிரித்துவிடும் என்பதுதான் அபராதத்தைவிடப் பெரிய பயம்.

வாடகை நிறுவனங்கள் பொதுவாக 21 வயதுக்குக் கீழே தருவதில்லை. 25க்குக் கீழே தினசரிக் கூடுதல் கட்டணம். இணையத்தில் தெரியும் விலையில் அது சேராது. டெபிட் அட்டை கொடுத்தால் முன்பணத்தை முடக்கி வைப்பார்கள். காரைத் திருப்பிக் கொடுத்தாலும் பணம் சில நாள் கழித்துத்தான் விடுபடும். வீட்டு வாடகை கட்டப் பணம் வைத்திருக்கும் கணக்கின் அட்டையைக் கொடுக்காதீர்கள். ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஐந்து இருக்கை என்றால் ஐந்து பேர், ஐந்து பெல்ட். மடியில் ஒருவர் என்பது இங்கே நடக்காது. எடுக்கும்போது நான்கு பக்கமும் சக்கர விளிம்பும் வீடியோ எடுங்கள். திருப்பும் முன் மணலைத் தட்டி எடுங்கள். ஈர இருக்கைக்கும் மணலுக்கும் சுத்தம் செய்யும் கட்டணம் போடுவார்கள். பொத்தான் வைத்த சாவியை நீச்சல் காற்சட்டைப் பையில் வைத்துக் கடலில் இறங்கினால் சாவியும் போச்சு, நாளும் போச்சு.

ராயல் தேசியப் பூங்காவுக்குள் வாட்டமொல்லா போனால் வாகனத்துக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் நுழைவு. அங்குள்ள காயல் தண்ணீர் நீச்சல் தெரியாதவருக்கு நல்லது. பாறைமேலிருந்து குதிப்பது யாருக்குமே நல்லதல்ல. அதே பூங்காவில் சமூக ஊடகத்தில் பிரபலமான ‘ஃபிகர் எய்ட்’ குளங்கள் உண்டு. அலை பாறைமேடை முழுவதையும் அலசிக்கொண்டு போகும் இடம் அது. திடீர்ப் பயணத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

உல்லங்காங் பக்கம் காரில் போகிறவர்களுக்கு வழியிலேயே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. வார இறுதியில் அங்குள்ள உணவகத்தில் தோசை கிடைக்கும். கோயில் முதலில், கடல் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலும் உப்புமாகச் சந்நிதிக்குப் போக முடியாது. அங்கிருந்து சிறிது தூரத்தில் பால்ட் ஹில் மேடு. கீழே தெரியும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் லாரன்ஸ் ஹார்கிரேவ் 1894 நவம்பரில் தான் செய்த பெட்டிப் பட்டங்கள் நான்கைக் கோத்துத் தரையிலிருந்து பதினாறு அடி உயரத்துக்கு எழும்பினார். அதே சாலையில் மேலும் தெற்கே போனால் கடலுக்கு மேலேயே வளைந்து செல்லும் 665 மீட்டர் சீ கிளிஃப் பாலம். வண்டியைப் பாலத்தில் நிறுத்தக் கூடாது. முனையில் நிறுத்திவிட்டு நடந்து போகலாம்.

கே: பீர், கேம்ப் ஃபயர்?
– பெயர் வேண்டாம், கிரான்வில்

ப: பல கடற்கரைகள் மது விலக்குப் பகுதி, நுழைவாயில் பலகையில் போட்டிருக்கும். கண்ணாடிப் பாட்டிலையும் தடுப்பார்கள், மணலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக. மணலில் விறகு மூட்ட அநேகமாக எங்கும் அனுமதி இல்லை. எப்படியானாலும் குடித்தவர் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கே: சனிக்கிழமை எட்டு மணி நேர ஷிஃப்டை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அவருடையதை நான் செய்தால் 48 மணி நேர விதி இடிக்குமா?
– மாணவர், மேரிலாண்ட்ஸ்

ப: இடிக்கலாம். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணிதான் வேலை செய்யலாம் என்பது ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் என்று ஜோடி போடும் கணக்கல்ல. எந்தத் திங்களில் தொடங்கினாலும் அதிலிருந்து 14 நாள். வழக்கமாக வாரம் 24 மணி செய்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வாரம் 16, இரண்டாவது வாரம் 32, கூட்டினால் 48, சரி. மூன்றாவது வாரம் வழக்கம்போல் 24 செய்தால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 56. அங்கேதான் விசா நிபந்தனை மீறப்படுகிறது. மூன்றாவது வாரத்தை 16க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஷிஃப்டைக் கொடுத்ததோடு விட்டுவிடுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இன்ஸ்டாகிராமில் அலையோடு படம் போடுவதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

கே: என் மகன் சிட்னியில் படிக்கிறான். போய் வந்த பிறகுதான் கடலுக்குப் போனதையே சொல்கிறான். போகாதே என்றால் இனிச் சொல்லவே மாட்டான். என்ன கேட்டு வைக்கலாம்?
– ஒரு தாய், திருநெல்வேலி

ப: போகாதே என்று சொல்லாததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், அம்மா. மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தக் கடற்கரை, அங்கே கொடி எத்தனை மணி வரை, எந்த ரயிலில் திரும்புகிறாய். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அவன் யோசித்துத்தான் கிளம்புகிறான். கைப்பேசியில் இருக்கும் இடத்தைப் பகிரச் சொல்லுங்கள். ஆனால் அவன் கடலில் இருக்கும்போது கைப்பேசி பையில் கிடக்கும். அழைத்து எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி நம் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே; மற்ற மாதங்களில் நாலரை மணி. கோடையில் அங்கே மாலை ஆறு மணிக்குக் கொடி இறங்குகிறது என்றால் உங்களுக்குப் பகல் பன்னிரண்டரை. ஒன்றரைக்கு ஒரு முறை கூப்பிட்டால் ரயிலில் இருப்பான்.

மாணவர் விசாவோடு கட்டாயமாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் அவசர ஆம்புலன்ஸ் செலவும் அடக்கம். இது தெரியாமல், பில் வந்துவிடுமோ என்று பயந்து 000 அழைக்கத் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காப்பீட்டு அட்டையைக் கைப்பேசியில் படமாக வைத்திருக்கிறானா என்று நாலாவதாகக் கேட்டுவிடுங்கள்.